4294967297: கேள்வி பதில்

கே: இந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது?
ப: இது 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள். இந்த வரிசையில் இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இதுவும் அப்படித்தான் என்று 1640-இல் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித அறிஞர் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கே: 641-ஐ எப்படிப் பிடித்தார்? ஒவ்வொன்றாக வகுத்தா?
ப: அவசியமில்லை. ஒரு பகாக் காரணியால் வகுத்தால் 2³²-க்கு மீதி −1 (அதாவது 1 கூட்டினால் மீதியின்றி வகுபடும்), ஆகவே 2⁶⁴-க்கு மீதி 1. அதற்கு முன் எந்த அடுக்கிலும் 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, காரணியில் 1 குறைத்து அதை 2-க்கு அடுக்காக வைத்தாலும் மீதி 1. எனவே காரணியில் 1 குறைத்தால் 64-ஆல் வகுபடும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே சிக்கிவிடும்.

வகுக்காமலும் காட்டலாம். 641 = 5×2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கையில் 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்கில் 5⁴×2²⁸-க்கு மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை. 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடுங்கள்: −2³²-க்கு மீதி 1. வேலை முடிந்தது.

கே: என் நிரலில் இந்த எண் 1 என்று வருகிறது.
ப: 32 பிட் மாறி. அதில் 4294967295 வரைதான் கொள்ளும், அதற்கு மேல் 0-விலிருந்து மறுபடி எண்ணும்.

கே: 6700417 பகா எண்தான் என்று எப்படி நம்புவது?
ப: அதன் வர்க்கமூலம் 2589-க்குள். அதன் காரணிகள் 4294967297-க்கும் காரணிகள்தான், மேலே சொன்ன விதி அவற்றுக்கும் பொருந்தும். கணித அறிஞர் லூக்காஸ் பின்னாளில் அந்த விதியின் 64-ஐ 128 ஆக இறுக்கினார். அந்த வடிவில் 2589-க்குள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய பகா எண்கள் மட்டுமே மிஞ்சும். 257 தானே ஒரு ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, அதை விடுங்கள். மற்றவற்றில் மீதி 44, 120, 334, 622.

கே: ஐந்தே வகுத்தல் என்றால் ஃபெர்மா எப்படிக் கோட்டை விட்டார்? அவருக்கு இந்த வழி தெரியாது, அவ்வளவுதான்.
ப: தெரியும். அதே 1640-இல் இதே உத்தியால்தான் 2³⁷ − 1-க்கு 223 காரணி என்று கண்டார். கணக்கில் எங்கோ சறுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கே: அப்படியானால் பொய்யாக நிரூபணம் இருப்பதாகச் சொன்னாரா?
ப: 1640-இல் இல்லை; 1659 கடிதத்தில்தான் நிரூபணம் இருப்பதுபோல் எழுதுகிறார். நிரூபணம் கையில் இல்லை என்று 1640 கடிதத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஊகத்தைப் பொய் என்பது அநியாயம்.

கே: ஃபெர்மா சோதனையில் இது தேறுகிறதே?
ப: அந்தச் சோதனை ஓர் எண்ணை அடியாக எடுத்து, சோதிக்கும் எண்ணில் 1 குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. அடி 2 வைத்திருப்பீர்கள். அதில் எல்லா ஃபெர்மா எண்ணும் தேறும், பயனில்லை. 3 வையுங்கள், தோற்கும். 64 பிட்டிலும் கவனம்: இடையில் 2³²-இன் வர்க்கம் வந்தால் 2⁶⁴ வழிந்து 0 ஆகிவிடும். பெருக்கலுக்கு 128 பிட் எடுங்கள்.

கே: 641 எப்படி வந்தது?
ப: மேலே இரண்டாவது பதில்.

கே: விடை 1 வருகிறது, ஏன்?
ப: 32 பிட். மறுபடியும்.

கே: இத்தனை பக்கமுள்ள ஒழுங்கு பலகோணம் வரைய முடியுமா?
ப: கவராயமும் நேர்கோலும் மட்டும் கொண்டு முடியாது. பக்க எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும்; 641 ஃபெர்மா எண் அல்ல. இரண்டு பக்கம் குறைத்தால் முடியும்: 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. ஒற்றைப்படைப் பக்கங்களில் நமக்குத் தெரிந்தவற்றில் இதுதான் பெரியது.