அலாய் வீல், பெரிய டயர்: உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வீல் அப்சைஸ், அதாவது கம்பெனி குடுத்ததைவிட பெரிய வீல் மாத்தறது பத்திதான், அதனால மத்ததை தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

கே: 2019 ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ சார், 165/80 ஆர்14 டயர். 16 இன்ச் அலாய் போட ஆசை. கடைக்காரர் 205/55 ஆர்16 போடுங்க, வண்டி உயரமா தெரியும்னு சொல்றார். போடலாமா? (கோவை)

ப: 16 போடலாம், 205/55 வேணாம். ஏன்னு கணக்கு போட்டு பாத்துடலாம், இது தெரிஞ்சா எந்தக் கடையிலயும் உங்களை யாரும் ஏமாத்த முடியாது. முதல் நம்பர் டயரோட அகலம், மி.மீ.ல. ரெண்டாவது நம்பர், அந்த அகலத்துல எத்தனை சதவீதம் சைடு வால், அதாவது டயரோட பக்கவாட்டுச் சுவர், உயரம்னு சொல்லுது. 165ல 80 சதவீதம் 132, மேலயும் கீழயும் சேத்து 264, ரிம் 14 இன்ச்சுன்னா 355.6, மொத்தம் கிட்டத்தட்ட 620 மி.மீ. இதுதான் உங்க வண்டியோட மொத்த டயர் உயரம். இதே ஸ்விஃப்ட்ல இசட்எக்ஸ்ஐ மாடலுக்கு கம்பெனியே குடுக்கற 185/65 ஆர்15ஐ கணக்கு போட்டா 621.5 வரும், பாருங்க, ரிம் பெருசாச்சு ஆனா மொத்த உயரம் மாறல. 195/55 ஆர்16 போட்டாலும் 621தான். கடைக்காரர் சொன்ன 205/55 மட்டும் 632க்கு போயிடுது, அதனால வண்டி தூக்கறது வெறும் 6 மி.மீ., ஆனா டயர் ஒவ்வொண்ணும் 40 மி.மீ. அகலமாகி ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது உள்ள உரச வாய்ப்பு இருக்கு, ஸ்பீடோமீட்டரும் 2 சதவீதம் கம்மியா காட்டும், பிக்கப்பும் கொஞ்சம் மந்தமாகும். என்னைக் கேட்டா 16கூட வேணாம், 15 இன்ச் ரிம்ல நல்ல 185/65 போடுங்க, மிச்சமாகற காசுல ஒரு படி மேலான டயரா வாங்குங்க. மழையில பிரேக் போடும்போது ரோட்டைப் பிடிக்கறது டயர்தான், ரிம் இல்ல.

கே: அண்ணா, ஃப்ரெண்டோட பழைய அலாய் என் ஐ20க்கு போட்டேன், பிசிடி 4x100 கரெக்டா இருக்கு, போல்ட்டும் உக்காந்துச்சு. ஆனா பின்னாடி மூணு பேர் உக்காந்தா ஸ்பீட் பிரேக்கர்ல மட்கார்டுல உரசுது. (திருச்சி)

ப: பிசிடிங்கறது போல்ட் ஓட்டைகளோட எண்ணிக்கையும் அது அமைஞ்ச வட்டத்தோட விட்டமும்தான், 4x100னா 100 மி.மீ. வட்டத்துல நாலு ஓட்டை. ஓட்டை பொருந்தினா வீல் பொருந்திடும்னு நினைக்கறதுதான் பிரச்சனை தம்பி. நீங்க பாக்காம விட்டது ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தோட நடுக்கோட்டுல இருந்து வண்டியில பொருத்தற முகம் எவ்வளவு தள்ளி இருக்குங்கற மி.மீ. அளவு. ரிம்மோட உள்பக்கம் எங்கயாவது ஈடி45, ஈடி38 மாதிரி அச்சடிச்சிருக்கும், அது எவ்வளவு குறையுதோ அவ்வளவு வீல் வெளிய தள்ளும். ஒரு உதாரணம் சொல்றேன், பழசு 6 ஜே (6 இன்ச் அகலம்) ரிம் ஈடி46, புதுசு 7 ஜே ஈடி35ன்னு வச்சுக்கங்க. ரிம் 1 இன்ச் அகலமானதால ரெண்டு பக்கமும் 12.7 கூடும், ஆஃப்செட் 11 குறைஞ்சதால வெளிப்பக்கம் இன்னொரு 11 சேரும், ஆக வெளிய கிட்டத்தட்ட 24 மி.மீ. தள்ளிட்டு நிக்கும், உள்பக்கம் 2 மி.மீ.கூட மாறாது. உங்க ரிம்ல என்ன எழுதியிருக்குன்னு கழட்டிப் பாருங்க. மட்கார்டு உதட்டை தட்டி மடக்கிடலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு சம்மதிக்காதீங்க, பெயின்ட் விட்டு அங்கதான் துரு புடிக்க ஆரம்பிக்கும். சரியான ஆஃப்செட் ரிம்மா மாத்தறதுதான் ஒரே வழி. அதுவரைக்கும் ஃபுல் லோடு ஏத்தாதீங்க, உரசி உரசி டயர் பக்கவாட்டுல அறுந்துடும்.

கே: ஹோண்டா சிட்டிக்கு வெளிய அலாய் போட்டதுல இருந்து 90ல ஸ்டியரிங் நடுங்குது. பேலன்சிங் பல தடவை பண்ணியாச்சு. (மதுரை)

ப: பேலன்சிங்கை விடுங்க, வீலை கழட்டி நடு ஓட்டையைப் பாருங்க. வெளிய விக்கற அலாய்கள்ல நிறைய மாடலுக்கு நடு ஓட்டை 73.1 மி.மீ. இருக்கும், ஏன்னா ஒரே ரிம்மை பல வண்டிக்கு விக்கணும். உங்க சிட்டியில வீல் மாட்டற ஹப்போட நடு மேடு 56.1தான், அதனால வீல் சரியா நடுவுல உக்காராம நடுங்கலாம். அந்த இடைவெளியை அடைக்க ஹப் ரிங்னு ஒரு வளையம் வரும், பிளாஸ்டிக்லயோ அலுமினியத்துலயோ, நாலு வீலுக்கு வாங்கினா பெரிய செலவு இல்ல, அதைத்தான் பல கடையில போடாம விட்டுடறாங்க.

அதைவிட முக்கியமா வீல் நட்டைப் பாருங்க, இன்னைக்கே. ஹோண்டா கம்பெனி ரிம்முக்கு வர்ற நட்டோட முனை உருண்டையா இருக்கும், வெளி அலாய்க்கு வேண்டியது கூம்பு மாதிரி சரிவா இருக்கற நட்டு. பழைய நட்டையே புது ரிம்ல போட்டிருந்தா டைட் பண்ணும்போது நல்லா உக்காந்த மாதிரிதான் இருக்கும், ஆனா கழட்டிப் பாத்தீங்கன்னா ரிம்மோட குழியில முழுசா பதிஞ்ச தடம் இருக்காது, மெல்லிசா ஒரு பளபள கோடு மட்டும் வட்டமா தெரியும். அந்தக் கோடு அளவுக்குத்தான் நட்டு புடிச்சிருக்குன்னு அர்த்தம், ஓட ஓட லூஸாகும். அப்படி இருந்தா வண்டியை எடுக்காதீங்க, நட்டை மாத்திட்டு ஓட்டுங்க. புது வீல் போட்டு 100 கி.மீ.க்குள்ள ஒரு தடவை டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து முறுக்கற ஸ்பேனர்) வச்சு திரும்ப செக் பண்ணணும், எவ்வளவு டார்க்னு ஓனர் மேனுவல்ல போட்டிருக்கும்.

கே: பெரிய வீல் போட்டா மைலேஜ் குறையுமா?

ப: குறையும். அகலமான டயர் உருள கஷ்டப்படும், எடை வேற ரிம்மோட வெளி ஓரத்துக்கு போகுது. அலாய்னா லேசுன்னு நம்பாதீங்க, விலை கம்மியான 17 இன்ச் வார்ப்பு ரிம் உங்க பழைய ஸ்டீல் ரிம்மைவிட கனமா இருக்கலாம். வாங்கறதுக்கு முன்னாடி தராசுல வச்சு காட்டச் சொல்லுங்க.

கே: பள்ளத்துல விட்டதுல டயர் பக்கவாட்டுல முட்டை மாதிரி வீங்கியிருக்கு, ரிம்லயும் சின்ன விரிசல். 205/45 ஆர்17. ஒட்டு போட்டு வெல்டிங் வச்சு ஓட்டலாமா? (தாம்பரம்)

ப: ரெண்டுமே கூடாது. வீக்கம்னா உள்ள நூல் அறுந்துடுச்சு, ரப்பர் மட்டும் காத்தைத் தாங்கிட்டு இருக்கு, எந்த வேகத்துலயும் வெடிக்கலாம். வெல்டிங் வச்ச அலாயையும் நான் நம்பமாட்டேன், சூட்டுல பக்கத்து உலோகமே பலம் இழந்துடும். 185/65 டயர்ல ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல 120 மி.மீ. ரப்பர் இருக்கும், உங்களுதுல 92தான், மழைக்காலத்துல தண்ணி நிக்கற பள்ளத்துக்கு அது பத்தாது. புதுசா வாங்கும்போது லோட் இன்டெக்ஸ் பாருங்க, 88னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84னா 500தான், கம்பெனி டயர்ல இருக்கறதுக்கு கீழ போகவே கூடாது. அப்படியே டயர் பக்கவாட்டுல DOTனு ஆரம்பிக்கற குறியீட்டோட கடைசி நாலு எண்ணையும் பாருங்க, 2324னா 2024ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம்.

கே: இன்சூரன்ஸ்ல பிரச்சனை வருமா?

ப: போட்டதும் கம்பெனிக்கு எழுதிக் குடுத்து பில்லோட பாலிசியில சேத்துடுங்க, பிரீமியம் கொஞ்சம் கூடும். சொல்லாம விட்டா அந்த அலாய்க்கு கிளெய்ம் கேக்க முடியாது. வாரன்டி இருக்கற வண்டின்னா சஸ்பென்ஷன், வீல் பேரிங் கிளெய்மை சர்வீஸ் சென்டர் மறுக்கலாம், பழைய ரிம்மை வித்துடாதீங்க.

கே: ஸ்டெப்னியும் மாத்தணுமா?

ப: மொத்த உயரம் ஒத்துப்போனா பழைய ஸ்டெப்னியே போதும், ஆனா பஞ்சர் கடை வரைக்கும்தான், 80க்கு மேல போகாதீங்க. பழைய ரிம்மோட நட்டு செட்டை டிக்கியில ஒரு துணிப்பையில போட்டு வைங்க. ஹோண்டா மாதிரி உருண்டை முனை நட்டு வர்ற வண்டின்னா, அலாய்க்கு வாங்கின கூம்பு நட்டு பழைய ரிம்ல சரியா உக்காராது, நடுராத்திரி ஹைவேல ஜாக்கி போட்டு தூக்கின பிறகு அதைத் தேடக்கூடாது.