மரண அறிவித்தலுக்குக் கீழே டேட்டிங் விளம்பரம்

கிளிநொச்சியில் ஊர்த் தளம், கடைத் தளம் நடத்துகிற சிலர் கூடியபோது என்னிடம் கேட்டவை இவை. அநேகமாக எல்லோரும் கூகுள் அட்சென்ஸ் போட்டிருந்தார்கள். அதாவது தளத்தில் கூகுள் விளம்பரம் காட்டும், வருகிற காசில் தளக்காரருக்கும் ஒரு பங்கு. பதில்களும் அதற்கே.

அண்ணா, எங்கள் ஊர்த் தளத்தில் ஓர் அம்மம்மாவின் மரண அறிவித்தல். அதற்குக் கீழே டேட்டிங் விளம்பரம். லண்டனில் இருக்கிற மகன் ஸ்கிரீன்ஷொட் அனுப்பி ஏசுகிறார். (முள்ளியவளை)

ஏசாமல் என்ன செய்வார், தம்பி? அட்சென்ஸில் ‘பிராண்ட் சேஃப்டி’க்குப் போய் ‘பிளாக்கிங் கொன்ட்ரோல்ஸ்’ஐத் திறவுங்கள். ‘சென்சிட்டிவ் கட்டகரி’ பட்டியலில் டேட்டிங்கை மூடுங்கள். முழுதாக நிற்க 24 மணி நேரம் வரை போகலாம். ஆனால் வகை பிரிப்பது இயந்திரம். ஒன்றிரண்டு நழுவத்தான் செய்யும். என்னைக் கேட்டால் அந்தப் பக்கத்தில் விளம்பரமே வேண்டாம். கூகுள் தானே இடம் பார்த்து விளம்பரம் போடுகிற ‘ஓட்டோ அட்ஸ்’ அமைப்பில் பக்கங்களை விலக்க இடம் உண்டு. மரண அறிவித்தல் பகுதியின் முகவரியை அங்கே போடுங்கள். கையால் ஒட்டிய விளம்பரக் கோட் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். செத்த வீட்டில் போய்க் கடை விரிப்போமா?

நான் பார்க்கும்போது அப்படி ஒன்றும் வரவில்லையே?

வராது. பார்க்கிறவரின் நாடு, அவர் முன்பு தேடியவை எல்லாம் வைத்துத்தான் விளம்பரம் வரும். உங்களுக்குச் சீமெந்து, அவருக்கு டேட்டிங். ‘அட் ரிவியூ சென்ரர்’ போனால் தளத்தில் ஓடிய விளம்பரங்கள் படங்களாக நிற்கும். பிடிக்காததை அங்கேயே தடுக்கலாம். அந்த விளம்பரதாரரின் கணக்கையே தடுக்கவும் முடியும்.

தடுப்பதற்கு அந்த விளம்பரதாரரின் தள முகவரி எடுக்க, விளம்பரத்தை ஒருக்கா அமத்திப் பார்த்தேன்...

இனி அமத்தாதீர்கள். சொந்தத் தளத்தில் வருகிற விளம்பரத்தை நீங்களே சொடுக்குவது விதிமீறல், கணக்கே போகக்கூடும். வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

எங்கள் பெண்கள் கூட்டுறவுத் தளத்தில் ‘உடனடிக் கடன்’ வருகிறது. (மாங்குளம்)

நுண்கடனால் வன்னிப் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, அக்கா. பொது வகைகளில் நிதிக்குக் கீழே கடன் தனியாக இருக்கிறது, அதை மூடுங்கள். திரும்பத் திரும்ப வருகிற நிறுவனமென்றால் அதன் முகவரியை விளம்பரதாரர் பட்டியலில் சேருங்கள். டொமைனை, அதாவது தளத்தின் முதன்மைப் பெயரை, மட்டும் போட்டால் அதன் கிளை முகவரிகளும் சேர்ந்தே தடைப்படும். டொட் எல்கேயும் டொட் கொம்மும் வேறு வேறு, இரண்டையும் போடவேண்டும்.

அப்போ எல்லாவற்றையும் தடுத்துவிட்டால்?

காசு குறையும். ஒவ்வோர் இடமும் ஏலத்தில்தான் போகிறது. கேட்கிற ஆட்கள் குறைந்தால் விலையும் விழும். தமிழ்த் தளங்களுக்கு வருவதே கொஞ்சம். மனதை உறுத்துவதை மட்டும் தடுங்கள். சோப், பிஸ்கற் விளம்பரத்தோடு சண்டை எதற்கு?

எல்லாம் தடுத்தும் போனில் தளத்தைத் திறந்தால் புதுப் பக்கம் தானாகத் திறந்து, ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்கிறது. (புதுக்குடியிருப்பு)

அது அட்சென்ஸ் வேலை மாதிரித் தெரியவில்லை. தளத்துக்குள் வேறு யாரோ கோட் வைத்திருக்கலாம். தளம் கட்டியது வேர்ட்பிரஸ் மென்பொருளில்தானே? அதன் தோற்றத்துக்குப் போட்ட தீம் எங்கே எடுத்தீர்கள்?

காசுக்கு விற்கிற தீம்தான் அண்ணா. ஒரு பெடியன் சும்மா தந்தான்.

காசுக்கு விற்கிறதைச் சும்மா தந்தால், அதற்குள்ளேயே அந்தக் கோட் ஒளிந்திருக்கலாம். அப்ப முதலில் அதைக் கழற்றுங்கள். பிறகு பாஸ்வேர்ட்களை மாற்றிவிட்டு எனக்கு எடுங்கள்.