நன்றாகப் பேசுகிறவருக்கு வேலை தெரியுமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பதினான்கு பேர் வேலை செய்யும் உதிரிபாகப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கணக்கர் வேலைக்கு எடுத்த இருவருமே நேர்காணலில் தயக்கமின்றிப் பேசினார்கள். சேர்ந்த பிறகுதான் ஒருவருக்கு ஜி.எஸ்.டி. கணக்கே சரிவரத் தெரியாது என்பதும், மற்றவர் காட்டிய அனுபவத்தில் பாதி பொய் என்பதும் தெரியவந்தன. தகுதியில்லாதவரை நேர்காணலிலேயே கண்டுகொள்ள வழி உண்டா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: உண்டு. ஆனால், பேச்சை வைத்து அதைக் கண்டுகொள்ள முடியாது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’, ‘உங்கள் பலவீனம் என்ன’ போன்ற கேள்விகளுக்கு யூடியூபில் விடை பார்த்துவிட்டு வருகிறவர்களே இன்று அதிகம். அந்த நேரத்தில் வேலையையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக் கொள்முதல் பில்கள் இருபதையும், சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் அதே மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலையும் பெயர்களை மறைத்து மேசைமேல் வைத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த பில்களில் இரண்டு, பட்டியலில் ஏறாதவையாக இருக்கட்டும். வேலை தெரிந்தவர் அவ்விரண்டையும் தனியே எடுத்து வைத்து, “சப்ளையர் ஜி.எஸ்.டி.ஆர்-1இல் காட்டவில்லை போலிருக்கிறது, இந்த மாதம் இன்புட் எடுக்க முடியாது, அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்” என்பார். ஜி.எஸ்.டி.ஆர்-1 என்பது விற்றவர் தம் விற்பனையைக் காட்டும் படிவம்; இன்புட் என்பது கொள்முதலில் கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 14ஆம் தேதி 2பி, 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி என்ற வரிசையை அவரிடம் கேட்டுப் பெற வேண்டிய தேவையே இருக்காது. தெரியாதவர் இருபது பில்களின் வரியையும் கூட்டி ஒரே தொகையாக நீட்டுவார். “அதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்” என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவசரப்பட்டு அனுப்பிவிட வேண்டாம். பல சிறு நிறுவனங்களில் உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறது. அவர் பில் பதிவு மட்டுமே செய்து பழகியவராக இருக்கலாம். கற்றுக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அனுபவம் பற்றிய பொய்க்கு, விண்ணப்பதாரரையே அவருடைய வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பணி விவரத்தைப் பதிவிறக்கிக் காட்டச் சொல்லலாம். கடவுச்சொல்லை மட்டும் கேட்காதீர்கள். இருபது பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனங்களுக்குப் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், பதிவு இல்லை என்பதற்காகவே ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. முந்தைய இடத்தில் ஆண்டுக் கணக்கு முடித்தபோது எங்கே இடித்தது, அதை எப்படிச் சரிசெய்தார் என்று கேளுங்கள். ‘செய்தோம், முடித்தோம்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறவரிடம், அதில் அவர் தம் கையால் செய்தது எது என்று விடாமல் கேட்க வேண்டும்.

கை நடுங்குவது, கண்ணைப் பார்த்துப் பேசாதது, ஆங்கிலம் தடுமாறுவது, இடையில் ஓராண்டு வேலை இல்லாமல் இருந்தது ஆகியவற்றைத் தகுதியின்மையின் அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றுக்கும் கணக்கு வேலைக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. வந்தவர் அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொருவரும் வெளியே போனவுடன் மதிப்பெண் எழுதிவிடுவது இந்தச் சறுக்கலைக் குறைக்கும். ஷ்மிட், ஹண்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையைச் செய்து காட்டும் தேர்வும் இவ்வாறு ஒழுங்குபடுத்திய நேர்காணலும், மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலைவிட முன்னே நின்றன. 2022இல் வேறு ஆய்வாளர்கள் அக்கணக்கைத் திருத்தியபோதும் ஒழுங்குபடுத்திய நேர்காணல் பின்தங்கவில்லை.

கேள்வி: தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு எடுக்கும் பெண்கள் ஒரு மாதம்கூடத் தங்குவதில்லை. நிலைக்க மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே அறிவது எப்படி?
– ஒரு வாசகி, சென்னை-17

பதில்: நேர்காணலில் நீங்கள் அவர்களைக் கேள்வி கேட்பதோடு, கடையைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு சொல்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டம் நெரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரச் சொல்லி, கடைக்குள் ஒரு மணி நேரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளி மாதத்தில் விடுப்பு கிடைக்குமா, இரவு எத்தனை மணிக்கு விடுவீர்கள், சம்பளத்தில் பிடித்தம் உண்டா என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு வேண்டாம் என்கிறவர் உங்களுக்கு ஒரு மாதச் சிரமத்தை மிச்சப்படுத்துகிறார். திருமணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்டு இதை அறிய முயல வேண்டாம். அது அநாகரிகம் என்பதோடு, வேலைக்கு எடுப்பதில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டுவதைச் சட்டமும் தடுக்கிறது.

ஒன்று கேட்கிறேன். கடை ஊழியர்கள் அனைவருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் கடையில் அது போடப்பட்டிருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை; இல்லையென்றால் அடுத்த ஆளை அழைப்பதற்கு முன் போட்டுவிடுங்கள்.