பிரசவத்துக்குப் பின் மார்பில் கருமை: அந்த கிரீமைப் பூசலாமா?

கேள்வி: குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகிறது, தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். மாசமாக இருந்தபோதே மார்புக்காம்பும் அதைச் சுற்றியுள்ள வட்டமும் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் 'ஏழே நாளில் பழைய நிறம்' என்று பார்த்து 1,490 ரூபாய்க்கு ஒரு கிரீம் வாங்கிவிட்டேன். இன்னும் திறக்கவில்லை. பூசலாமா? வேண்டாமென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகி, ஈரோடு

பதில்: திறக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே நல்லது. அப்படியே இருக்கட்டும்.

மாசமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் எகிறும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும் கூடும். தொப்புளுக்குக் கீழே ஒரு கருங்கோடு ஓடியிருக்குமே, அதற்கும் இதுதான் காரணம். வட்டத்தில் பரு மாதிரி இருப்பவை எண்ணெய்ச் சுரப்பிகள், கிள்ளாதீர்கள். கருமை மாதக்கணக்கில் மெல்ல மங்கும். சிலருக்கு முழுதாகப் பழைய நிறம் வராது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறுவது, காம்பில் செதில் உதிர்ந்து புண் ஆறாமல் இருப்பது, கட்டி, ரத்தக் கசிவு என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரி, கிரீமுக்கு வருவோம். ஏழு நாளில் வெளுக்க வைக்கிறேன் என்பவர்கள் மேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். ஹைட்ரோகுவினோன் என்ற வெளுக்க வைக்கும் ரசாயனம், வீரியமான ஸ்டீராய்டு, பாதரசம் இவற்றில் ஏதாவது கலந்திருக்க வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிரீமில் அதை வேண்டுமென்றே சேர்க்கவே கூடாது, தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது 2020 அழகுசாதன விதி. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது: பூசுகிற இடத்தில்தான் குழந்தை வாய் வைக்கும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். 'ஹெர்பல்' என்ற எழுத்தும், ஓரம் பிய்ந்த ஸ்டிக்கரில் ஒரு செல் நம்பரும் மட்டும் இருந்தால் நான் அதைக் காலில்கூடப் பூச மாட்டேன்.

பணத்துக்கு வழி உண்டு. சீல் உடையாத டப்பா, லேபிள், பில் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். விளம்பரத்தையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அது அங்கே இருக்காது. அப்புறம், விற்றவரின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது.