உர்சுலாவின் குரல்

அன்புள்ள சார்,

ஜேம்ஸ் பாண்ட் படங்களை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து முடித்தேன். ஒரே படத்தோடு காணாமல்போன ஜார்ஜ் லேசன்பியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த வேடம் ஒரு சாபமா? ஷான் கானரி மட்டும் எப்படித் தப்பித்தார்? அடுத்த பாண்டாக யார் வந்தால் பொருந்தும்? இன்னொன்று: ‘டாக்டர் நோ’வில் கடலிலிருந்து எழுந்து வரும் உர்சுலா ஆண்ட்ரெஸ்ஸின் குரலில் இருக்கும் குழைவு இன்றைய நடிகைகள் யாருக்கும் வாய்க்கவில்லையே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சாபம் கீபமெல்லாம் விடுங்கள். லேசன்பி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாடல். சாக்லேட் விளம்பரத்தில் தெரிந்த முகம். கானரிக்காகத் தைத்து அவர் வாங்காமல் விட்டிருந்த சூட்டை விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு, கானரியின் முடிதிருத்துநரிடமே முடிவெட்டிக்கொண்டு வாய்ப்புக் கேட்டுப் போனவர். 1969-இல் படம் வெளியாவதற்குள், ‘ஹிப்பி காலத்தில் இந்த சூட்டுக்காரனை யார் பார்ப்பார்கள்’ என்று ஆலோசகர் சொன்னதை நம்பித் தானே விலகினார். முதல் காட்சிக்குத் தாடியும் நீண்ட முடியுமாக வந்து நின்றார். வேடம் அவரை விழுங்கவில்லை, அவர்தான் துப்பிவிட்டார். கானரி நேர் எதிர். பாண்ட் படங்களுக்கு நடுவிலேயே ஹிட்ச்காக்கிடமும் சிட்னி லூமெட்டிடமும் நடித்து இன்னொரு கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டார். அடுத்த பாண்ட் யார் என்பதைத் தயாரிப்பாளர்கள் யோசிக்கட்டும். அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், நாம் வாங்கவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இதே நினைப்பில் இருக்கும்போது நீங்கள் வந்து மாட்டினீர்கள். அத்தனை படங்களையும் பார்த்தேன் என்கிறீர்கள். காதை எங்கே வைத்துவிட்டுப் பார்த்தீர்கள்?

அது உர்சுலாவின் குரல் அல்ல. பேசியவர் நிக்கி வான் டெர் ஸைல். பெர்லினில் 1935-இல் பிறந்த யூதப் பெண். குழந்தையாக இங்கிலாந்துக்கு வந்தவர். கரையேறும்போது வரும் மாமரப் பாட்டு மூன்றாவது ஆள், டயானா கூப்லாண்ட். ஒரு உடம்பு, இரண்டு தொண்டை, இரண்டுமே இரவல். திரையில் நிக்கியின் பெயர் கிடையாது. நம் ஊரில் ஹீரோயினுக்கு இன்னொருவர் பேசுவது புதிதில்லை, ஆனால் பல படங்களில் பெயராவது போடுகிறோம்.

உர்சுலா ஸ்விட்சர்லாந்துக்காரர், உச்சரிப்பு கனம், அதனால் டப்பிங் என்பார்கள். சரி. அதே படத்தில் சூதாட்ட மேசையில் வரும் யூனிஸ் கேசன் ஆங்கிலேயர். ‘கோல்ட்ஃபிங்க’ரில் உடம்பெல்லாம் தங்கம் பூசப்பட்டுச் சாகும் ஷெர்லி ஈட்டனும் ஆங்கிலேயர். அவர்களுக்கும் நிக்கிதான் பேசினார். ‘தண்டர்பா’லின் பிரெஞ்சு நாயகிக்கும், ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ஸில் மியே ஹாமாவுக்கும் அவரேதான். கானரியோ எடின்பரோ உச்சரிப்பை எங்கும் மறைக்கவில்லை; அதே நாக்கோடு சிகாகோவின் ஐரிஷ் போலீஸ்காரராக நடித்து 1988-இல் ஆஸ்கரும் வாங்கினார். ஆண் நட்சத்திரத்தின் வட்டார வழக்கு ‘கம்பீரம்’. பெண்ணுடையது ரிப்பேர் செய்ய வேண்டிய பழுது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆண்கள் முழுக்கத் தப்பிவிடவும் இல்லை. லேசன்பியே வம்சாவளி நிபுணராக மாறுவேடம் போடும் காட்சிகளில் ஜார்ஜ் பேக்கரின் குரலில்தான் பேசுகிறார். ‘தண்டர்பா’லின் வில்லன் அடோல்ஃபோ செலிக்குப் பேசியவர் ராபர்ட் ரியெட்டி.

குரல் கொடுப்பது சொகுசான வேலை என்று நினைக்காதீர்கள். அன்றைய முறை லூப். ஒன்றிரண்டு வசனம் உள்ள பிலிம் துண்டை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கிப் புரொஜெக்டரில் ஓடவிடுவார்கள். அதே சில வினாடிகள் நிற்காமல் சுற்றி வரும். பிலிமின் மேல் மெழுகுப் பென்சிலால் குறுக்காக இழுத்த கோடு திரையில் நகர்ந்து விளிம்பைத் தொடும் கணத்தில் வாய் திறக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம். மூன்று நான்கு ஃப்ரேம் பிந்தினாலே கண்ணில் உறுத்தும். க, த மாதிரி ஒலிகளில் கொஞ்சம் ஏமாற்றலாம். ப, ம போல உதடு மூடும் இடத்தில் முடியாது. க்ளோசப்புக்கு மைக்கை ஒட்டி நிற்க வேண்டும், தூர ஷாட்டுக்குப் பின்வாங்கிக் குரலை எறிய வேண்டும். பெரும்பாலும் பிழைப்பது மூச்சில். திரையில் இருப்பவள் நீந்திக் களைத்திருப்பாள், குரலோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ‘குழைவு’ என்று எழுதியது நிக்கி அங்கே சேர்த்த மூச்சைத்தான். அதைக் கேட்டு ரசித்திருக்கிறீர்கள், அந்த மட்டில் உங்கள் காது நல்ல காதுதான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்தீர்கள். பிற்பாடு அவர் சட்டம் படித்து வழக்கறிஞரானார். 2021-இல் காலமானார்.

கோல்ட்ஃபிங்கராக நடித்த கெர்ட் ஃப்ரோபே ஜெர்மானியர், ஆங்கிலம் தடுமாற்றம். தெரியாத மொழியை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினால் வாய் மெதுவாக அசையும். அதன் மேல் இன்னொருவர் இயல்பான வேகத்தில் பேசினால் பொருந்தாது. அதனால் இயக்குநர் கை ஹாமில்டன் அவரை இரண்டு மடங்கு வேகத்தில் பேசச் சொன்னார். அந்த அவசர உதடுகளின் மேல்தான் மைக்கேல் காலின்ஸ் நிதானமாகப் பேசினார். வில்லனின் அந்த அலட்சியம் பாதி முகத்திலும் பாதி இன்னொருவர் தொண்டையிலும் இருக்கிறது.

‘கோல்ட்ஃபிங்க’ரின் ஜெர்மன் பதிப்பு கிடைத்தால், மொழி புரியாவிட்டாலும் பத்து நிமிடம் பாருங்கள். ஃப்ரோபே தன் சொந்தக் குரலில் பேசுவது அதில்தான். அங்கே இரவல் குரல் கானரிக்கு.