மறந்தது யார்?

கேள்வி: மறக்கப்பட்ட புகைப்படக் கலைஞர் என்று சொல்லி ஆண்டுதோறும் யாரையாவது தோண்டியெடுத்துக் கண்காட்சி வைக்கிறார்கள். இன்னொரு பக்கம், வாழும் கலைஞர்களுக்கு ரெசிடென்சி என்ற பெயரில் மூன்று மாதம் இலவசத் தங்கல். உண்மையான திறமை என்றால் தானே வெளிவராதா? இறந்தவருக்கும் இருப்பவருக்கும் இப்படி முட்டுக்கொடுப்பது எதற்கு?

பதில்: தானே வெளிவருவது விதை. படம் பதிந்த கண்ணாடித் தகடு, அதாவது கண்ணாடி நெகட்டிவ், அப்படி முளைக்காது. அது ஒரு பெட்டியில் இருக்கும். பெட்டி யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். வைத்திருப்பவர் திருப்பித் தரவும் வேண்டும்.

லூசியா மொஹோலியின் கதையைச் சொல்கிறேன். 1894இல் பிராகில் பிறந்தவர். கணவர் லாஸ்லோ மொஹோலி-நாகி 1923இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானபோது உடன் சென்றார். கணவருக்குச் சம்பளம் இருந்தது, இவருக்கு இல்லை. முறையாகப் புகைப்படத் தொழில் கற்றவர் இவர்தான். தெஸ்ஸாவ் நகரில் பள்ளிக்காக 1926இல் எழுந்த கண்ணாடிச் சுவர்க் கட்டடம், ஆசிரியர்களின் வீடுகள், மேசை விளக்கு, தேநீர்க் கெண்டி என்று எல்லாவற்றையும் பெரிய மரக் கேமராவில், கண்ணாடித் தகடுகளில் எடுத்தார். முகங்களை நெற்றியும் மோவாயும் சட்டத்தை முட்டும் அளவு நெருங்கி எடுத்தார். கேமராவே இல்லாமல் தாளின் மீது பொருளை வைத்து ஒளிபாய்ச்சும் ஃபோட்டோகிராம் சோதனைகளையும் தம்பதி சேர்ந்தே செய்தார்கள். புகழ் ஒருவர் கணக்கில் ஏறியது. அந்தக் கூட்டு உழைப்பைப் பற்றி லூசியா தனி நூலாகவே எழுதியது 1972இல்.

1933இல் ஹிட்லர் ஆட்சி. லூசியாவின் அப்போதைய துணைவரான கம்யூனிஸ்ட் தலைவர் தியோடோர் நாய்பவர் கைதானார். லூசியா சில நாட்களில் பெர்லினை விட்டு ஓடினார். சுமார் 560 கண்ணாடித் தகடுகளைத் தூக்கிக்கொண்டு யாரும் எல்லை தாண்ட முடியாது. அவற்றை, அதற்குள் பிரிந்துவிட்டிருந்த கணவர் மொஹோலி-நாகியிடம் விட்டார். அவரிடமிருந்து அவை பௌஹவுஸை நிறுவிய வால்டர் குரோபியஸிடம் போய், அவரோடு அமெரிக்காவுக்கும் போயின. 1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பௌஹவுஸ் கண்காட்சி நடத்தியபோது லூசியாவின் படங்கள் ஏராளமாக அதன் நூலில் அச்சாயின. பெயர் மட்டும் அச்சாகவில்லை. லண்டனுக்குப் போய்ச் சேர்ந்திருந்த லூசியாவோ, போர் வந்தபின் தன் படங்கள் அதில் அழிந்திருக்கும் என்றே நினைத்திருந்தார். போர்க்காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலையைக் கேளுங்கள்: ஆவணங்கள் அழிந்துவிடாமல் மைக்ரோஃபிலிமில் படியெடுத்துக் காக்கும் வேலை!

1954இல் குரோபியஸைக் கடிதத்தில் பிடித்தார். நீங்கள்தானே எனக்குக் கொடுத்தீர்கள், என் விரிவுரைகளுக்கு மிகவும் பயன்படுகின்றன, என்னிடமிருந்து பறித்துவிடாதீர்கள் என்ற பொருளில் பதில் வந்தது. உயிருக்கு ஓடுகிறவள் நின்று ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருப்பாளா என்பது லூசியாவின் பதிலின் சாரம். வழக்கறிஞர் வைத்து, 1957இல் 230 தகடுகள் திரும்பின. மீதி 330 இருக்குமிடம் அவருக்குத் தெரியவே இல்லை. 1989இல், 95 வயதில் காலமானார்.

இவரையா 'மறக்கப்பட்டவர்' என்கிறோம்? பௌஹவுஸ் என்றதும் உங்கள் மனக்கண்ணில் எழும் கட்டடம் பெரும்பாலும் இவர் கண்ணால் பார்த்ததுதான். படத்தை யாரும் மறக்கவில்லை. 'மறக்கப்பட்ட' என்ற செயப்பாட்டு வினையில் ஒரு வசதி உண்டு. யாரால் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். குடத்திலிட்ட விளக்கு என்று வருந்துகிறோம், குடத்தைக் கவிழ்த்த கையைப் பற்றிப் பேசுவதில்லை. பிராகில் 2024இல் அவருக்கு விரிவான கண்காட்சி வைத்தார்கள். அதை நான் தோண்டியெடுத்தல் என்று சொல்ல மாட்டேன். பாக்கி வசூல்.

எல்லா மறுகண்டுபிடிப்பும் இப்படி வழக்கறிஞர் கடிதத்தில் வருவதில்லை. தன்னையே ஆணாகவும் பெண்ணாகவும் பொம்மையாகவும் மாற்றிப் படமெடுத்த பிரெஞ்சுப் பெண் கலைஞர் கிளோத் காஹூன் 1954இல் ஜெர்சி தீவில் இறந்தார். 1972இல் அவருடைய துணைவியும் இறந்ததும் வீட்டுப் பொருட்கள் ஏலத்துக்குப் போயின. உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அக்கறையாக வாங்கியதால் படங்கள் பிழைத்தன. உங்கள் 'தானே' எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது, பாருங்கள்.

ஒரு விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். இறந்த கலைஞர்களைக் கண்டெடுப்பதில் நிறுவனங்களுக்கு ஒரு சோம்பேறிச் சுகம் இருக்கிறது. இறந்தவர் கட்டணம் கேட்பதில்லை, கடைசி நேரத்தில் மனம் மாறுவதில்லை, சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்று சண்டை போடுவதில்லை. இருப்பவர்தான் தொல்லை. அந்தத் தொல்லைக்கு இடம் கொடுப்பதற்குப் பெயர்தான் ரெசிடென்சி.

இலவசத் தங்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். லூசியாவுக்கு எது இல்லாமல் போனது? பூட்டக்கூடிய ஓர் அறை, தன் பொருளைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள ஓர் இடம், சம்பளமில்லாத நாட்களைத் தாண்ட கொஞ்சம் பணம். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் 1973 முதல் இயங்கும் 'லைட் வொர்க்' என்ற அமைப்பு புகைப்படக்காரர்களுக்கு ஏறக்குறைய இதையே தருகிறது: ஒரு மாதத் தங்கல், உதவித்தொகை, இருட்டறை, கருவிகள். அங்கே உருவானவற்றில் சிலவற்றைத் தன் சேகரிப்பில் வைத்துக்கொள்கிறது, தன் இதழில் வெளியிடுகிறது. எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே பெயர் படத்தோடு பதிவாகிவிடுகிறது. தெஸ்ஸாவிலும், லூசியா படமெடுத்த அதே ஆசிரியர் வீடுகளில் 2016 முதல் இளம் கலைஞர்களைத் தங்கவைக்கிறார்கள். அவர் குடியிருந்த வீடு 1945 குண்டுவீச்சில் அழிந்து, 2014இல் புது வடிவில் எழுப்பப்பட்டது.

பெயருக்கு ரெசிடென்சி நடத்துவோரும் உண்டு. விண்ணப்பிக்கவே கட்டணம், போக்குவரத்து உங்கள் செலவு, வாரம் இரண்டு பயிற்சி வகுப்பு, கடைசி நாள் கட்டாயக் கண்காட்சி, கிளம்பும்போது ஒரு படைப்பு அன்பளிப்பு! இதில் கலைஞர் எங்கே வேலை செய்வார்? முப்பது நாளில் இருபது நாள் வீணாகலாம் என்று ஒப்புக்கொள்ளாத திட்டத்துக்கு விடுதி மேலாளர் போதும். அவற்றை நீங்கள் திட்டுவதாக இருந்தால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கடைசியாக, எங்கள் முதுகு. சில ஆண்டுகளுக்கு முன் இந்த இதழில் நவீனக் கட்டடக்கலை பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் தெஸ்ஸாவ் கட்டடத்தின் படம் முழுப்பக்கத்துக்கு இருந்தது. அடியில் 'படம்: கோப்பிலிருந்து' என்று போட்டவன் நான்தான். அந்த வரியை இப்படித் திருத்தி வாசிக்கவும்: படம்: லூசியா மொஹோலி, 1926.