நாவல் எழுதும்போது சொந்த நினைவுகளை எவ்வளவு நம்பலாம்?

என் முதல் நாவலின் கைப்பிரதியில் ஒரு வரி இருந்தது: ‘அப்பா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.’ நிஜமாக நடந்ததுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் சண்டை, அப்புறம் அந்தச் சத்தம். மூன்று நாள் கழித்துத்தான் அப்பா திரும்பி வந்தார்.

படித்துக்கொண்டே வந்த அக்கா அந்த வரியில் நின்றுவிட்டாள். “அப்பா கதவை அறையவே இல்லைடா. நீ தூங்கிட்டிருந்தே. கீல் சத்தத்துல எழுந்துடுவியோன்னு கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுச் சாத்தினார்” என்றாள்.

அக்கா ஆறு வயது மூத்தவள், விழித்திருந்தவள். அவள் சொல்வதைத்தான் நம்புகிறேன். ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கதவு அறையும் சத்தம் கேட்கிறது. தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது எங்கிருந்து வந்தது?

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். 50 பேரிடம், கார்கள் ‘நொறுங்க மோதியபோது’ என்ன வேகம் இருக்கும் என்று கேட்டார்கள். இன்னொரு 50 பேரிடம் வெறுமனே ‘இடித்தபோது’ என்றார்கள். மீதிப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டபோது, ‘நொறுங்க’ என்று கேட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்ற இரு குழுக்களிலும் 7 பேர், 6 பேர்தான். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

இதைப் படித்ததும் என் பழைய நாட்குறிப்புகளைத் தேடி எடுத்தேன். ‘அறைந்து’ என்ற சொல்லைப் பதினேழு வயதில் எழுதியிருக்கிறேன், அப்பாவோடு பேசாமல் இருந்த வருஷத்தில். அவர் மேல் கோபப்பட எனக்கு அந்தச் சத்தம் தேவையாக இருந்திருக்கிறது. மனுஷ மனசு அப்படித்தான். நம் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரிதான் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளும். எழுதுகிறவன் அதற்கு நல்ல வினைச்சொல்லையும் கொடுத்துவிட்டால் அப்புறம் அதை அசைக்கவே முடியாது. அழகாக எழுத வருகிறவர்கள்தான் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் சொந்த வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்தால், முதல் பிரதியில் வெறும் வினைச்சொற்கள்தான். சாத்தினார், போனார், வந்தார். அப்புறம், அந்த இடத்தில் இருந்த இன்னொருவரிடம் கேட்பேன். நான் எழுதியதைக் காட்டாமல் கேட்பது முக்கியம். காட்டினால் அவர்கள் நினைவும் என் வரியின் பக்கம் சாய்ந்துவிடும். கேட்க யாருமே இல்லாத நினைவுகளும் உண்டு. அவற்றை எழுதும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

அக்கா சொன்ன பிறகு அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்துகிறவர், நான் அதுவரை எழுதி வைத்திருந்த அப்பா இல்லை. முழு அத்தியாயத்தையும் திரும்ப எழுதினேன். அதில் அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே கொஞ்ச நேரம் நிற்கிறார். அது மட்டும் என் கற்பனை. அக்கா உள்ளே இருந்தாள், அவளுக்கும் தெரியாது.